மோட்டார் சைக்கிள் இல்லாத ரங்கூனில் சைக்கிள் ஏன் பெருகவில்லை?

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ரங்கூனில் இறங்கியதும் கேட்பது: "என்னப்பா, இங்கே பைக்கே கண்ணில் படவில்லையே?" மதுரையிலும் திருச்சியிலும் வாழ்ந்து பழகியவர்களுக்கு, இரு சக்கர வண்டி இல்லாத பெருநகரம் விநோதமாகத்தான் இருக்கும். 2003இல் அப்போதைய ராணுவ ஆட்சி ரங்கூன் நகரப் பகுதிக்குள் மோட்டார் சைக்கிளைத் தடை செய்தது. காரணம் பற்றி ஊரில் பல கதைகள் உலவுகின்றன. பெரிய ராணுவ அதிகாரி ஒருவரின் காருக்குப் பக்கத்தில் பைக்கில் வந்தவன் துப்பாக்கி போல் விரலை நீட்டினான் என்பார்கள். துண்டறிக்கை வீசிவிட்டு ஓடிவிட்டான் என்பார்கள். அதிகாரி வீட்டுப் பையன் விபத்தில் செத்தான் என்பார்கள். எது உண்மையோ, தடை மட்டும் நிஜம்.

அதற்கடுத்த கேள்வி இன்னும் நல்ல கேள்வி. பைக் இல்லை, கார் வாங்க எல்லோரிடமும் காசில்லை, பஸ்ஸில் நெரிசல். அப்படியானால் தெருவெல்லாம் சைக்கிளாக அல்லவா இருக்க வேண்டும்?

இல்லை. ரங்கூனின் மையமான கீழ்நகரத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தாலும் சொற்பமான சைக்கிள்கள்தான் தேறும். காய்கறிக் கூடை கட்டியவர், ஐஸ் ஏற்றிப்போகிறவர், உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் பையன்கள். வேலைக்குப் போகும் குமாஸ்தாவோ பள்ளி ஆசிரியையோ சைக்கிளில் போவது அபூர்வம்.

இப்படிப்பட்ட வித்தியாசங்களை மக்களின் குணத்தில் ஏற்றிச் சொல்வது எல்லோருக்கும் சுலபம். டச்சுக்காரர் சிக்கனம், ஜப்பான்காரர் ஒழுங்கு, பர்மாக்காரர் நிதானம், நம் ஆட்களுக்கு வெயில் ஆகாது என்று முடித்துவிடலாம். எனக்கு இந்த விளக்கத்தில் நம்பிக்கை இல்லை. சைக்கிளுக்கு ஒரு நாட்டில் என்ன மரியாதை என்பது, அந்தச் சாலையில் வேறு எந்த வண்டிக்கு இடம் விட்டார்கள், எதை மலிவாகக் கிடைக்கச் செய்தார்கள், எதை விரட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. பர்மா இதற்கு நல்ல சாட்சி. ஒரே நாட்டுக்குள், ஒரே மாதிரி மனிதர்கள், ஊருக்கு ஊர் வேறு மாதிரி ஓட்டுகிறார்கள்.

ரங்கூனில் நடந்தது இதுதான். பைக்கைத் தடுத்தவர்கள் சைக்கிளுக்கு வழி விடவில்லை. நகரின் முக்கியச் சாலைகள் பலவற்றில் சைக்கிளுக்கும் அனுமதி மறுத்தார்கள். வேகமாகப் போகும் வண்டிகளுக்கு இடையூறு என்பது வாதம். அதனால் சைக்கிள்காரர் சந்துகளுக்குள்ளேயே சுற்ற வேண்டியதாயிற்று. வெள்ளைக்காரன் 1850களில் அளந்து போட்ட கீழ்நகரம், சைக்கிளுக்கென்றே வரைந்தது போல் இருக்கும்: மேடு பள்ளம் இல்லாத தரை, நூல் பிடித்தாற்போல் எண் போட்ட தெருக்கள், எங்கிருந்தும் எதற்கும் பக்கம். காளியம்மன் கோயில் இருக்கும் கொன்ஸேதான் தெருவிலிருந்து முன்பு மொகல் தெரு என்று நம்மவர்கள் சொன்ன ஷ்வேபொந்தா தெருவுக்கு மிதித்தால் சில நிமிடம்தான். ஆனால் குறுக்குத் தெருவிலிருந்து குறுக்குத் தெருவுக்குப் போக நடுவில் பெரிய சாலையைத் தொடாமல் முடியாது.

அப்புறம் கார்கள் வந்தன. 2011 வரை பர்மாவில் கார் என்பது பணக்காரர் சொத்து. இறக்குமதி அனுமதி கிடைக்காததால் தகரம் உதிரும் பழைய வண்டிகூட வீட்டு விலைக்குப் போனது. அந்த ஆண்டு செப்டம்பரில், பழைய வண்டியை ஒப்படைத்தால் வேறு வண்டி இறக்குமதி செய்ய அனுமதி என்று அரசு திட்டம் கொண்டுவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானின் பழைய கார்கள் குவிந்தன. எண் போட்ட அந்தத் தெருக்களின் இரு பக்கமும் கார் நிறுத்துமிடம் ஆனது. சைக்கிளுக்கென்று மிச்சமிருந்த இடமும் போனது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1970 டிசம்பர் 6ஆம் தேதி ராணுவ சர்வாதிகாரி நே வின்னின் ஆட்சி, இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த நாட்டை ஒரே நாளில் வலப்பக்கத்துக்கு மாற்றியது. ஜோசியர் சொன்னதைக் கேட்டு மாற்றினார் என்பது இன்றைக்கும் ஓயாத பேச்சு. சாலை மாறியது, வண்டி மாறவில்லை. ஜப்பானிலிருந்து வந்த கார்களுக்கெல்லாம் ஸ்டியரிங் வலப்பக்கமே. அதாவது ஓட்டுநர் சாலையின் ஓரத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் போகிற வண்டியை முந்த வேண்டுமென்றால் எதிரே வருவது அவர் கண்ணுக்குத் தெரியாது. தெரிவதற்குள் பாதி வண்டி வெளியே வந்திருக்கும். எதிரே வருவது லாரியாக இருந்தால் அவர் பயந்து ஒதுங்குவார். சைக்கிளாக இருந்தால் சைக்கிள்காரர்தான் ஒதுங்க வேண்டும். பழைய பஸ்கள் பலவற்றின் கதவும் இடப்பக்கம் இருந்ததால் பயணிகள் நடுச்சாலையில்தான் குதித்தார்கள். 2017 ஜனவரியில் புதிய பஸ் முறை வந்த பிறகுதான் அந்தக் கூத்து குறைந்தது.

இதே தடையைச் சீனாவோடு ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். அங்கேயும் பல பெருநகரங்கள் மோட்டார் சைக்கிளைத் தடுத்தன, அல்லது புதுப் பதிவை நிறுத்தின. ஆனால் சைக்கிள் காலத்தில் போட்ட அகலமான தனிப் பாதைகள் அங்கே ஏற்கனவே இருந்தன. 1999இல் வந்த தேசிய அளவுகோல், மிதிகட்டை உள்ள, மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 40 கிலோ எடைக்கு உட்பட்ட மின்வண்டியைச் சைக்கிள் கணக்கில் சேர்த்துக்கொண்டது. லைசென்ஸ் வேண்டாம், சைக்கிள் பாதையிலேயே போகலாம். பைக்கை இழந்த மக்கள் அப்படியே மின்சைக்கிளுக்குத் தாவினார்கள். கோடிக்கணக்கில் பெருகி, இன்று அதுவே அங்கே பெரிய தலைவலி என்பது வேறு கதை. ரங்கூனில் தனிப் பாதையும் கிடையாது. மின்சைக்கிள் வந்தபோது அதையும் பல ஆண்டுகள் மோட்டார் சைக்கிள் என்றே கருதிப் பிடித்தார்கள். தடை ஒன்றுதான், தடைக்குப் பிறகு திறந்துவிட்ட கதவுதான் வேறு. நாம் எந்தக் கதவையும் திறக்கவில்லை.

பர்மாவின் இரண்டாவது பெரிய நகரமான மாந்தளேயில் கதை தலைகீழ். அரண்மனை அகழியைச் சுற்றிக் கட்டம் கட்டமாகப் பரந்து கிடக்கும் சமவெளி ஊர். எண்பதுகளில் மாலை நேரத்தில் சைக்கிள் வெள்ளம் ஓடிய ஊர் என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். 1988க்குப் பிறகு சீன எல்லை வணிகம் திறந்தது. எல்லை ஊரான மூசே வழியாக மலிவான சீன மோட்டார் சைக்கிள்கள் இறங்கின. அவற்றில் பாதிக்குப் பதிவெண்ணே இருக்காது. 'வித்தவுட்' என்றே அதற்குப் பெயர். ரங்கூன் போல் தடை இல்லை. நல்ல சைக்கிள் வாங்கும் காசோடு இன்னும் கொஞ்சம் புரட்டினால் பைக் என்றால் யார் மிதிப்பார்கள்? சட்டம் சைக்கிளை ஓரங்கட்டிய ஊர் ரங்கூன், சந்தை ஓரங்கட்டிய ஊர் மாந்தளே. இரண்டு ஊரிலும் மனித குணத்துக்கு இதில் வேலையே இல்லை.

மழையைக் காரணம் சொல்பவர்களும் உண்டு. ரங்கூனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,700 மில்லிமீட்டர் மழை, சென்னையைப் போல் இரண்டு மடங்கு. அதுவும் ஐந்து மாதத்துக்குள் கொட்டித் தீர்க்கும். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தலாவுக்கு அப்பால் துவாந்தே பக்கம், கியாவ்தான் பக்கம் இருக்கும் நம் தமிழ்க் கிராமங்களில் வயல் வரப்பையும் மண்சாலையையும் நம்பி சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஆனி ஆடியில் வண்டியைத் தோளில் தூக்க வேண்டிவரும். ஆனாலும் அங்கேதான் சைக்கிள் அதிகம். ஆகவே மழை ஒரு தொல்லை, அவ்வளவுதான்.

சைக்கிளுக்கு மரியாதை குறைந்த இந்த ஊரில் மிதிவண்டியால் பிழைக்கும் ஒரு தொழில் மட்டும் நிலைத்துவிட்டது: சைக்கா. தமிழ்நாட்டில் சைக்கிள் ரிக்‌ஷா என்றால் ஓட்டுபவர் முன்னால், உட்காருபவர் பின்னால். பினாங்கில் உட்காருபவர் முன்னால். பர்மாவில் பக்கத்தில். சாதாரண சைக்கிளுக்குப் பக்கவாட்டில் ஒற்றைச் சக்கரமும் இரண்டு சின்ன இருக்கைகளும் சேர்த்துப் பூட்டியிருப்பார்கள். இருவர் ஏறினால் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். ஒருவருக்கு வரப்போகிற சாலை தெரியும், மற்றவருக்குக் கடந்துபோன சாலை. கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டு போவதற்கு இதைவிடத் தோதான வாகனம் கிடையாது.

இது 1930களின் கடைசியில் மாந்தளேயில் பிறந்தது. அதன் சூட்சுமம் சிக்கனத்தில் இருக்கிறது. ரிக்‌ஷாவுக்கென்று தனி வண்டி செய்ய வேண்டாம். இருக்கிற சைக்கிளோடு பக்கப் பெட்டியைப் பூட்டினால் போதும். பெட்டியைக் கழற்றினால் மறுபடி சைக்கிள். கியர் கிடையாது, எனவே ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவார்கள். சமவெளி ஊர்களில் அந்தக் கஷ்டமும் இல்லை.

அதற்கு முன் ரங்கூனில் ஓடியது கையால் இழுக்கும் ரிக்‌ஷா. இழுத்தவர்களில் பெரும்பாலோர் ஆந்திரக் கரையிலிருந்து வந்த தெலுங்கர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் அவர்களே. 1930 மே மாதக் கலவரம் அவர்களுக்கும் பர்மியக் கூலிகளுக்கும் இடையே வெடித்ததுதான். 1942இல் ஜப்பான் படை நுழைந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே நாட்டைவிட்டு ஓடினார்கள். போர் முடிந்து ஊர் எழுந்தபோது கைரிக்‌ஷாவின் இடத்தில் சைக்கா நின்றது. இழுத்த இந்தியர் இருந்த இடத்தில் மிதிக்கும் பர்மியர் நின்றார். போக்குவரத்தில் ஒரு கருவி மாறும்போது தொழிலாளியின் இனமும் சேர்ந்து மாறியது. இப்போது தலாவிலும் தன்லினிலும் தமிழ்ப் பையன்களும் சைக்கா மிதிக்கிறார்கள். சொந்த வண்டி இல்லாதவர்கள் முதலாளியிடம் நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டுவார்கள். பான்சோடான் துறையிலிருந்து படகில் அக்கரை இறங்கினால், "சைக்கா, சைக்கா" என்று மொய்ப்பார்கள். பேரம் பேசாமல் ஏறக்கூடாது.

சைக்காவுக்கும் பெரிய சாலைகளில் கட்டுப்பாடு உண்டு. ஆனாலும் அது சாகவில்லை. சந்தையிலிருந்து வீட்டுக்கு, பஸ் நிறுத்தத்திலிருந்து தெருக்கோடிக்கு என்று குட்டித் தூரத்தை வேறு வண்டி எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்நாட்டில் அந்த வேலையை ஆட்டோ தின்றுவிட்டது. மோட்டார் சைக்கிள் டாக்ஸி நுழைந்த பர்மிய ஊர்களில் சைக்காவும் தேய்ந்துகொண்டுதான் வருகிறது. ரங்கூன் நடுநகரத்தில் அது இன்னும் பிழைத்திருப்பதற்கு 2003 தடைதான் காரணம் என்று தோன்றுகிறது. சைக்கிளுக்கு அந்தத் தடையால் கிடைத்த ஒரே லாபம் இது.

ஓட்டும் விதத்திலும் நாட்டுக்கு நாடு நுணுக்கமான வேறுபாடுகள் உண்டு. பர்மா ஆணும் பெண்ணும் லுங்கி கட்டும் நாடு. குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளில் லுங்கியோடு கால் தூக்கிப் போடுவது வித்தை. ஆகவே கம்பி தாழ்ந்த சைக்கிளை ஆண்களும் கூச்சமின்றி ஓட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் அதற்கு 'லேடீஸ் சைக்கிள்' என்று பட்டம் கட்டி, அக்காவின் சைக்கிளை ஓட்டிய தம்பியைத் தெருவே கேலி செய்யும். வேட்டி கட்டிய நம் தாத்தாக்கள் மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்குக் கம்பியைத் தாண்டினார்களே தவிர, கம்பியைத் தாழ்த்த யோசிக்கவில்லை.

பெண்கள் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, ஒரு கையில் குடை, மறு கையில் டிபன் கேரியர் என்று போவது பர்மாவில் சாதாரணம். தனியாக ஓட்டிக்கொண்டே குடை பிடிப்பவர்களும் உண்டு. ஜப்பானில் குடை பிடித்து ஓட்டினால் அபராதம். சின்னக் குழந்தையைத் தவிர வேறு ஆளைப் பின்னால் ஏற்றக்கூடாது. ஆனால் அதே ஜப்பான் 1970களில் கார்களுக்குப் பயந்து சைக்கிளை நடைபாதையில் ஏற்றிவிட்டது. பிறகு நடைபாதையில் மோதல் அதிகமாகி, 2024இல் சட்டம் திருத்தி 2026 ஏப்ரலிலிருந்து சைக்கிள்காரருக்கும் கார் ஓட்டுநரைப் போல் அபராதச் சீட்டு என்று வந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் விளக்கில்லாமல் போனாலும் 'டபுள்ஸ்' போனாலும் போலீஸ் பிடிக்கும், நகராட்சி வில்லை இல்லாத சைக்கிளுக்கு அபராதம் விழும். பைக்குகள் பெருகிய பிறகு சைக்கிளைப் பிடிக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. கண்டுகொள்ளாமல் விடுவதும் ஒரு வகை அவமரியாதைதான்.

ஹாலந்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் சொல்கிறார்கள். 1.8 கோடிப் பேர், 2.3 கோடி சைக்கிள். ஆனால் ஐம்பது அறுபதுகளில் அவர்களும் காருக்காகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். 1971இல் மட்டும் அங்கே சாலை விபத்தில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் 400க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் கூடாது என்றது அரசு. அதற்குப் பிறகு கட்டியதுதான் இன்று நாம் வாய்பிளந்து பார்க்கும் பாதைகள். எல்லாம் போராடி வாங்கியது. கூடிப் போராட முடிகிற நாடு என்பதால் கிடைத்தது.

சைக்கிள் கதையில் தமிழருக்கும் பர்மாவுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கீழ் பர்மாவின் நெல்வயல்களுக்குக் கடன் கொடுத்தவர்கள். அவர்களில் ஏ.எம். முருகப்பச் செட்டியார் 1900இல் பர்மாவின் துறைமுக நகரமான மோல்மீனில் வட்டிக்கடை தொடங்கினார். ஜப்பான் படை வருவதற்கு முன்பே அந்தக் குடும்பம் முதலைப் பெருமளவு இந்தியாவுக்கு நகர்த்திவிட்டது. மற்ற பலர் நிலத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் இழந்தார்கள். 1949இல் அந்தக் குடும்பம் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கியது. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ என்று தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறை மிதித்த வண்டிகள் அங்கிருந்து வந்தவை. மோல்மீன் வட்டிக்கடையில் தொடங்கிய தொழில், அம்பத்தூரில் சைக்கிளாக உருண்டது என்று சொன்னால் மிகையில்லை. மோல்மீனில் மிச்சமிருக்கும் நம் ஆட்கள் ஓட்டுவதோ சீனா சைக்கிள், இல்லையென்றால் ஜப்பானின் பழைய சைக்கிள்.

அந்த ஜப்பான் சைக்கிளும் ஒரு விசித்திரம். அங்கே ரயில் நிலையங்களில் கேட்பாரற்று விட்ட சைக்கிள்களை நகராட்சிகள் அள்ளிக்கொண்டு போகும். யாரும் மீட்காதவை மொத்தமாக விலைபோய்க் கப்பலேறும். முன்கூடை, பின்சக்கரப் பூட்டு எல்லாம் அப்படியே, சில வண்டிகளில் திருட்டுத் தடுப்புப் பதிவு ஒட்டுத்தாள்கூட உரியாமல் இருக்கும். அங்கே காய்கறி வாங்கப்போன வண்டி இங்கே குடும்பத்தின் ஒரே வண்டி.

இதைவிடப் பெரிய விசித்திரம் 2019இல் நடந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் செல்பேசியில் திறந்து ஓட்டும் வாடகைச் சைக்கிள் நிறுவனங்கள் வந்த வேகத்தில் படுத்தன. அவற்றில் ஒன்றான ஓபைக் 2018 ஜூனில் சிங்கப்பூரில் கடையை மூடியது. வண்டிகள் குப்பையாகக் குவிந்தன. மைக் தான் துன் வின் என்ற பர்மியத் தொழிலதிபர் அவற்றில் 10,000 வண்டிகளை மலிவாக வாங்கி, 'லெஸ்வாக்' என்ற பெயரில் தூரத்திலிருந்து பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். செல்பேசிப் பூட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பூட்டுப் போட்டார்கள், பின்னால் இருக்கை வைத்தார்கள். பின் இருக்கை வைத்தது சரியான யோசனை. சிங்கப்பூரில் ஒருவருக்கென்று செய்த வண்டி பர்மாவில் ஒருவருக்காக ஒருநாளும் ஓடாது. அக்கா மிதிப்பாள், தம்பி பின்னால் இருப்பான்.

தமிழ்நாட்டில் இதே காரியத்தை அரசு செய்தது. 2000களின் தொடக்கத்தில் மேல்நிலைப் பள்ளி மாணவிகளில் ஒரு பிரிவினருக்கு என்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், சில ஆண்டுகளில் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அதற்கும் பத்தாண்டு முன்னால், புதுக்கோட்டையில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்து, மாவட்டத்தின் முகத்தையே மாற்றியது. தமிழ்நாட்டில் தேர்தலில் ஓட்டு வாங்க இலவசச் சைக்கிள் பயன்பட்டது. அரசியல்வாதிக்கு அது லாபம் என்பதால் திட்டம் ஆட்சி மாறியும் நீடித்தது. பர்மாவில் ஒரு தனிமனிதரின் நல்லெண்ணத்தை நம்பி நின்றது. நல்லெண்ணத்துக்கு வரவுசெலவுத் திட்டம் கிடையாது.

கடைசியாக ரங்கூனுக்கே வருவோம். 2019 கடைசியில் உணவை வீட்டுக்குக் கொண்டுதரும் நிறுவனமான ஃபுட்பாண்டா நுழைந்தபோது, சென்னையில் பைக்கில் பறக்கும் உணவு இங்கே மிதிவண்டியில் வந்தது, தடை அப்படி. அடுத்த ஆண்டு கொரோனா. ஊரே கதவடைத்தபோது பிரியாணியும் பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸான மொஹிங்காவும் சைக்கிளில்தான் வீடு சேர்ந்தன. மிதித்துத் தேய்ந்த பையன்கள் கூலிக்காக வேலைநிறுத்தமும் செய்தார்கள். எண் போட்ட தெருக்களில் இளைஞர்கள் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டியதை வெகுகாலத்துக்குப் பிறகு அப்போதுதான் இந்த ஊர் பார்த்தது. அவர்களுக்காகப் பெரிய சாலையில் ஒரு முழம் பாதைகூட யாரும் ஒதுக்கவில்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடையிலிருந்து சாப்பாடு வர அரை மணி ஆகிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள், அந்தப் பையன் எந்தச் சாலையில் போகக்கூடாது என்பதையும் ஒருமுறை விசாரிக்கலாம்.